டிராமிசு

காபியில் நனைத்த பிஸ்கட்டையும், முட்டை மஞ்சள்கரு, சர்க்கரை, மஸ்கார்ப்போனே சேர்ந்த கலவையையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே கோகோத்தூள் தூவிக் குளிரவைத்து உண்ணும் இத்தாலிய இனிப்பு. இதை ஓவனில் சுட வேண்டியதில்லை. வடகிழக்கு இத்தாலியில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாகி, அரை நூற்றாண்டுக்குள் உலகெங்கும் பரவியது. இதன் சுவையை நிர்ணயிக்கும் காபியும் கோகோவும் இத்தாலிக்கு வெளியிலிருந்து செல்பவை. அவ்விரண்டும் விளையும் மலைப்பகுதிகளுள் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் ஒன்று.

முன்னோடிகள்

டிராமிசுவின் உறுப்புகள் எல்லாம் பழையவை. சேர்க்கை மட்டுமே புதிது. சவோயார்தி எனப்படும் விரல் வடிவ பிஸ்கட், சவோய் அரசவையின் பெயரைத் தாங்கியது. மஸ்கார்ப்போனே, லொம்பார்தியின் லோதி வட்டாரத்தில் பாலேட்டைச் சூடாக்கி அமிலம் சேர்த்துத் திரளவைக்கும் பால்பொருள். மஞ்சள்கருவையும் சர்க்கரையையும் அடித்துச் செய்யும் சபயோனே, பிள்ளை பெற்றவர்களுக்கும் நோயிலிருந்து தேறியவர்களுக்கும் தெம்பூட்டக் கொடுத்த வீட்டுப் பண்டம். நனைத்த கேக்கையும் கஸ்டர்டையும் அடுக்கும் ‘சுப்பா இங்லேசே’ என்ற இனிப்பின் செய்முறை, பெல்லெக்ரீனோ அர்துசி 1891-இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே உள்ளது.

மெதிச்சி குடும்பத்துப் பிரபுக்களுக்காக 17ஆம் நூற்றாண்டில் சியெனா நகரில் இது செய்யப்பட்டது என்ற கதைக்குச் சான்று கிடையாது. பச்சை மஞ்சள்கருவும் பாலேடும் சேர்ந்த பண்டத்தைப் பல மணி நேரம் குளிரில் வைத்தாக வேண்டும். இத்தாலிய வீடுகளில் பிரிட்ஜ் பரவியது 1950, 60-களின் பொருளாதார வளர்ச்சியின்போதுதான். டிராமிசுவின் காலமும் அதுவே.

திரெவீசோ

வெனெத்தோ பகுதியில், வெனிசுக்கு வடக்கே சுமார் 30 கி.மீ. தொலைவிலுள்ள திரெவீசோ நகரின் ‘லே பெக்கெரியே’ உணவகத்தையே பலரும் பிறப்பிடமாகச் சொல்கின்றனர். 1939-இல் கம்பெயோல் குடும்பம் தொடங்கிய உணவகம் அது. மகப்பேற்றுக்குப் பின் தனக்குத் தரப்பட்ட காபி கலந்த சபயோனேயிலிருந்து அல்பா கம்பெயோலுக்கு இந்த எண்ணம் பிறந்ததாகக் குடும்பத்தார் கூறினர். அங்கே இனிப்புச் சமையற்காரராக இருந்த ரொபெர்த்தோ லிங்குவனோத்தோ வேறு விதமாகச் சொன்னார்: ஐஸ்கிரீமுக்காக முட்டையும் சர்க்கரையும் அடித்துக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் மஸ்கார்ப்போனே கிண்ணத்தில் விழுந்துவிட்டது, ருசி பார்த்தபோது பிடித்துப்போயிற்று. இருவரும் சேர்ந்து பக்குவப்படுத்திய இனிப்பு 1972-இல் உணவுப் பட்டியலில் ஏறியது. குழந்தைகளும் முதியவர்களும் உண்ண வேண்டும் என்பதால் அதில் மது இல்லை. முட்டை வெள்ளையும் இல்லை. அல்பாவின் கணவர் அதோ கம்பெயோல் 2021-இலும், லிங்குவனோத்தோ 2024-இலும் மறைந்தனர். செய்முறைக்கு அவர்கள் காப்புரிமை பெறவில்லை.

1981-இல் உணவு எழுத்தாளர் ஜுசெப்பே மஃபியோலி ஒரு வெனெத்தோ இதழில் எழுதிய கட்டுரை இந்த இனிப்பை ஊரறியச் செய்தது. 2010-இல் இத்தாலியச் சமையல் கழகம் திரெவீசோ செய்முறையை நோட்டரியிடம் பதிவு செய்தது. அதன் அளவு: மஞ்சள்கரு 12, சர்க்கரை அரை கிலோ, மஸ்கார்ப்போனே 1 கிலோ, பிஸ்கட் 60, தேவையான அளவு காபி, கோகோத்தூள்.

உரிமைப் பூசல்

பக்கத்துப் பகுதியான பிரியூலி வெனேசியா ஜூலியா, இந்த இனிப்பு தன்னுடையது என்கிறது. பியெரிஸ் ஊரில் மாரியோ கொசோலோ என்பவர் 1940-களிலேயே கிண்ணத்தில் பரிமாறிய ஓர் இனிப்பும், தொல்மெட்சோ நகரின் ‘அல்பெர்கோ ரோமா’ விடுதியில் நோர்மா பியெல்லி 1950-களில் செய்த அடுக்கு இனிப்பும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. கிளாரா, ஜிஜி பதோவானி தம்பதியர் 2016-இல் வெளியிட்ட நூல் இந்தப் பழைய தடயங்களைத் தொகுத்தது. மறு ஆண்டே இத்தாலிய வேளாண் அமைச்சகம் டிராமிசுவைப் பிரியூலியின் மரபு உணவுப் பட்டியலில் சேர்த்தது. வெனெத்தோவின் அப்போதைய ஆளுநர் லூக்கா சாயா வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். பூசல் இன்னும் ஓயவில்லை.

பரவல்

1980-களில் அமெரிக்காவின் இத்தாலிய உணவகங்கள் இதைக் கையிலெடுத்தன. 1990-இல் ஜப்பானில் பெரும் மோகமாயிற்று. 1993-இல் வந்த ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’ படத்தில், அது என்னவென்றே தெரியாத ஒருவரிடம் அதன் பெயர் சொல்லப்படும் காட்சி உண்டு. அன்று பலருக்கும் அது புதிய பெயர். இந்தியாவில் நட்சத்திர ஓட்டல்களில் தொடங்கி, நகரத்து கபேக்களுக்கும் கேக் கடைகளுக்கும் இறங்கியது. மேல்நாட்டு இனிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓவன் வேண்டும். இதற்கு ஒரு பிரிட்ஜும் முட்டை அடிக்கும் கம்பியும் போதும். வீடுகளுக்குள் அது எளிதில் நுழைய இதுவே முதற்காரணம்.

காபி, கோகோ: இடுக்கி மலைகளின் பங்கு

பாதுவா பல்கலைக்கழகத்துத் தாவரவியலார் புரோஸ்பெரோ அல்பீனி, எகிப்தில் கண்ட காபிச் செடியை 1592-இல் அச்சிட்ட நூலில் விவரித்தார். வெனிசின் ‘ஃபுளோரியன்’ காபிக் கடை 1720-இல் திறக்கப்பட்டது. வெனெத்தோவின் காபிப் பழக்கம் வெனிசின் துறைமுக வணிகத்தில் வேர்கொண்டது.

இனி, காபி விளையும் இடுக்கிக்கு வருவோம். ஏலப்பாறை, அம்மாவட்டத்தின் பீர்மேடு வட்டத்தில் குட்டிக்கானத்துக்கும் கட்டப்பனைக்கும் இடைப்பட்ட தோட்ட ஊர். இன்று அதைச் சுற்றிக் கண்ணில் படுவன தேயிலையும் ஏலமும். ஆனால் 1860-களில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பீர்மேட்டு மலைகளில் காடு திருத்தி முதலில் நட்டது காபி. 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் பரவியது. இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தோன்றி, இலைகளை உதிரச் செய்யும் பூஞ்சை அது. அராபிகா வகைக் காபி தாக்குப்பிடிக்காத இடங்களில் தேயிலை வந்தது. கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி ஏறிவந்த தமிழ்த் தொழிலாளர்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறி அந்தத் தோட்டங்களை உருவாக்கினர். பின்னாளில் துருநோயைத் தாங்கும் ரோபஸ்டா வகை, சிறு விவசாயிகளின் நிலங்களில் மிளகோடும் மரங்களோடும் ஊடுபயிராக இடம்பிடித்தது.

இந்தியக் காபியைப் பல ஆண்டுகளாக மிக அதிகமாக வாங்கும் நாடு இத்தாலி. எஸ்பிரெசோவின் மேலே கெட்டியான நுரை நிற்பதற்காக இத்தாலியக் கலவைகளில் ரோபஸ்டா சேர்க்கப்படுகிறது. தென்னிந்திய மலைகளின் கொட்டையும் அதில் உண்டு. கோகோ 1970-களில் கேரளத்தில் பரவலாக நடப்பட்டது; 1980-களின் தொடக்கத்தில் விலை விழுந்தபோது பலர் மரங்களை வெட்டினர். பின்னர் மீண்ட பயிரில் இன்று கேரளத்தின் முதல் மாவட்டம் இடுக்கி. டிராமிசு திரெவீசோவில் பட்டியலேறிய அதே 1972-இல்தான், கோட்டயம் மாவட்டத்திலிருந்த பீர்மேடு வட்டம் புதிதாக அமைந்த இடுக்கி மாவட்டத்தில் சேர்ந்தது.

வீட்டுச் செய்முறை

ஆறேழு பேருக்குத் திரெவீசோ அளவில் மூன்றில் ஒரு பங்கு சரியாக இருக்கும்: மஞ்சள்கரு 4, சர்க்கரை 165 கிராம், மஸ்கார்ப்போனே 330 கிராம், பிஸ்கட் 20. நம் நாக்குக்குச் சர்க்கரை 120 கிராமே போதும்.

மஸ்கார்ப்போனே மலையூர்க் கடைகளில் கிடைப்பது அரிது, வீட்டிலேயே செய்யலாம். பாலேட்டை அடிகனமான பாத்திரத்தில் 85 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, அரை லிட்டருக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுக் கிளற வேண்டும். பனீர்போல் திரிந்து நீர் பிரியும் என்று எதிர்பார்த்து மேலும் மேலும் சாறு ஊற்றுவது பலர் செய்யும் பிழை. பாலேட்டில் கொழுப்பு மிகுதி, புரதம் குறைவு. அதனால் அது கட்டியாகாமல் கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்கு மட்டுமே கெட்டிப்படும். ஆறியதும் மெல்லிய துணியில் கட்டிப் பிரிட்ஜில் இரவு முழுதும் வடியவிட்டால் மறுநாள் வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும். பெட்டியில் வரும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் தளர்வாகவே இருக்கும். 35 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ளது நல்லது.

இத்தாலிய வீடுகளில் காபி, அல்போன்சோ பியலெத்தி 1933-இல் உருவாக்கிய மொக்கா பாத்திரத்தில் தயாராகிறது. இங்கே பில்டரின் முதல் டிகாஷன் அந்த வேலையைச் செய்யும். சிக்கரி கலக்காத தூள் ஏற்றது. சிக்கரியின் கசப்பு கோகோவின் கசப்போடு மோதும். டிகாஷனில் சர்க்கரை வேண்டாம். நன்றாக ஆறியிருக்கவும் வேண்டும். சூடாக இருந்தால் பிஸ்கட் கையிலேயே உடையும்.

மஞ்சள்கருவையும் சர்க்கரையையும் கொதிநீர்ப் பாத்திரத்தின் ஆவிமேல் வைத்து 71 டிகிரி வரும்வரை விடாமல் அடிப்பது, சால்மொனெல்லா கிருமிக்கு எதிரான காப்பு. கலவை வெளிறி, கம்பியைத் தூக்கினால் நாடாவாக விழ வேண்டும். ஆறிய பின் மஸ்கார்ப்போனேயை மெதுவாகச் சேர்க்கலாம். பிஸ்கட்டை டிகாஷனில் ஓரிரு விநாடி முக்கி எடுத்தால் போதும். பிஸ்கட், கலவை, மறுபடி பிஸ்கட், கலவை என அடுக்கி, குறைந்தது ஆறு மணி நேரம் பிரிட்ஜில் வைக்க வேண்டும். கோகோத்தூளைப் பரிமாறும் நேரத்தில் தூவுவதே முறை. முன்பே தூவினால் ஈரத்தில் கருத்துவிடும். இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

மாற்றங்கள்

சவோயார்திக்குப் பதில் ரஸ்க் அல்லது ஒரு நாள் பழைய ஸ்பாஞ்சு கேக் பயன்படும். ரஸ்க் சற்று நேரம் கூடுதலாக ஊற வேண்டும். முட்டை உண்ணாதவர்கள் அடித்த கிரீமை வைத்துச் செய்கிறார்கள். ஏலக்காய் சேர்ப்பதானால் டிகாஷனில் சேர்ப்பது நல்லது; கலவையில் விழுந்தால் பாயச வாடை மேலோங்கும்.

2017 முதல் திரெவீசோவில் நடக்கும் டிராமிசு உலகக் கோப்பைப் போட்டியில் இத்தகைய மாற்றங்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. மூலச் செய்முறைக்கு இன்னொரு பிரிவு. இரண்டிலும் வீட்டுச் சமையற்காரர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். தொழில்முறைச் சமையற்காரர்களுக்கு அனுமதி இல்லை.