செதுக்கிய வடிவும் சுமத்திய பொருளும்: நொய்லாண்ட் அச்செழுத்தின் வரலாறு

அச்செழுத்தின் வடிவத்திற்கும் அது தாங்கும் சொல்லின் பொருளுக்கும் இயற்கையான உறவு இல்லை. பயன்பாடே அவ்வுறவைத் தோற்றுவிக்கிறது. இதற்குத் தக்க சான்று, செருமனியின் ஓஃபன்பாக் நகரிலிருந்த கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்பகம் 1923இல் வெளியிட்ட நொய்லாண்ட் என்னும் தலைப்பெழுத்தாகும். புதுநிலம் என்பது இப்பெயரின் பொருள். இதனை ஆக்கியவர் ருடால்ஃப் கோக் (1876–1934).

எழுத்தின் வடிவத்தை முதலில் தாளில் வரைவதும், பின்னர் உருக்குத் தண்டின் முனையில் இடவலம் மாற்றிச் செதுக்குவதும், அத்தண்டைச் செம்பில் அறைந்து பெற்ற பள்ளத்தில் ஈயக் கலவையை வார்ப்பதும் அக்கால வழக்கம். கோக் முதற்படியையே கைவிட்டார். வரைபடமின்றி உருக்கில் நேரே செதுக்கினார். அதனால் கோடுகள் தடித்தும் விளிம்புகள் கரடுமுரடாகவும் அமைந்தன. பேரெழுத்துகள் மட்டுமே செய்யப்பெற்றன. ஒவ்வோர் அளவும் தனித்தனியே செதுக்கப்பெற்றமையால், ஓர் அளவின் எழுத்து மற்றோர் அளவின் எழுத்தை முற்றும் ஒப்பதில்லை. ஒரே நூலின் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பழகியோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

ஆக, இம்முரட்டுத்தன்மை கருவியும் கையும் தந்தது. கோக் ஆழ்ந்த கிறித்தவப் பற்றாளர்; விவிலிய வாசகங்களை அழகெழுத்தில் வடித்தவர். ஆப்பிரிக்காவோ அடர்காடோ அவர் கருதிய பொருளாக இருந்திருக்க இடமில்லை. டிரெஸ்டனில் 1905இல் தோன்றிய டி ப்ரூக்கே ஓவியர்களின் மரச்செதுக்கு அச்சோவியங்களில் ஆப்பிரிக்கச் சிற்பங்களின் சாயல் உண்டு என்பதும், அவற்றின் தோற்றத்தோடு நொய்லாண்ட் ஒத்துள்ளது என்பதும் உண்மையே. எனினும் இவ்வொப்புமை கொண்டு கோக்கின் நோக்கத்தை முடிவு செய்தல் பொருந்தாது.

பிற்கால அமெரிக்க வழக்கோ இவ்வெழுத்தை வேறு திசைக்குக் கொண்டு சென்றது. ஆப்பிரிக்கா, கறுப்பின மக்கள், காட்டுப் பயணம் பற்றிய நூல்களின் அட்டைகளில் இது மிகுதியாக இடம்பெற்றது. 1993இல் வெளியான ஜுராசிக் பார்க் திரைப்படத்தின் தலைப்பும் இப்பாங்கிலேயே அமைந்தது. இப்போக்கை ராப் ஜியாம்பியெட்ரோ 2004இல் தம் கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் மலிவான விளம்பரத் தாள்களில் வழங்கிய தடித்த மர எழுத்துகளை நொய்லாண்ட் நினைவூட்டியதே இவ்வழக்கிற்கு வழிவகுத்தது என்பது அவர்தம் விளக்கம். நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827இல் மர எழுத்துகளை இயந்திரத்தால் செய்யத் தொடங்கியபின் அத்தகைய தாள்கள் பெருகின என்பதனால் இவ்விளக்கத்திற்கு வலுவுண்டு. எனினும் அது மட்டுமே போதாது. செதுக்கப்பட்டது எதுவாயினும் அதனைத் தொல்குடியினர்க்கு உரியதாகக் காணும் மேலைப் பார்வையையும் இங்குச் சேர்த்தெண்ண வேண்டும். உருக்கில் செதுக்கிய செருமானியத் தொழில்நுட்பம், நாகரிகம் எட்டாதோரின் கைவேலையாகப் படிக்கப்பட்டது. அப்படிப்பில் இழிவுக்கு உள்ளானோர் அவ்வெழுத்தின் ஆக்கத்தில் எப்பங்கும் கொள்ளாத மக்களே.

கணினி எழுத்துருவாக மாறியபின் ஒரே வடிவம் எல்லா அளவுகளுக்கும் பெருக்கியும் சுருக்கியும் பயன்படுத்தப்படுகிறது. முரடான விளிம்பு எஞ்சியுள்ளது. அளவுதோறும் மாறிய கைவேறுபாடு அதில் இல்லை. அதனைக் காண விரும்புவோர் உலோக எழுத்தில் அச்சான பழைய மாதிரி ஏடுகளையே நாட வேண்டும்.