சம்பள ஏட்டில் ஒரு போர்வீரன்



இரண்டாம் உலகப் போரில் ஜேர்மானியத் தரைப்படையிற் பணியாற்றிய ஒவ்வொரு வீரனும் தன் சட்டைப் பையிற் சிறியதோர் ஏட்டைச் சுமந்து சென்றான். 'சோல்ட்பூக்' என்பது அதன் பெயர். சம்பளப் புத்தகம் என்பது அதன் பொருள். எங்கே அனுப்பப்பட்டாலும் சம்பளம் பெறுவதற்கும், தான் இன்னான் என்று காட்டுவதற்கும் அதுவே அவனுக்குச் சான்று.

இவ்வேட்டைக் கொண்டு ஒருவனுடைய போர்க்கால வாழ்வை அறிவது எவ்வாறு? முதற் பக்கங்களில் அவனது பெயர், பதவி, அடையாளத் தகட்டின் எழுத்துக்கள், இரத்த வகை, நச்சுவாயு முகமூடியின் அளவு ஆகியன உள்ளன. பிறந்த நாள், சமயம், உயரம், சப்பாத்தின் அளவு என்பனவும் தவறவில்லை. தொடர்ந்து படைப்பிரிவு, உற்றாரின் முகவரி, பெற்ற உடைகள், தடுப்பூசிகள், வைத்தியசாலையில் தங்கிய நாட்கள், பதக்கங்கள், விடுமுறை எனப் பக்கங்கள் விரிகின்றன.

போர்முனையிற் குத்திய முத்திரைகள் பலவற்றிற் படைப்பிரிவின் பெயர் இராது. பகைவர் அறியாதிருக்கும் பொருட்டு, ஐந்து இலக்கங்கொண்ட களத் தபால் எண்ணே காணப்படும். அவ்வெண்கள் எந்தெந்தப் பிரிவுக்கு உரியவை என்று காட்டும் அட்டவணைகள் இன்றும் உள்ளன. எண்ணிலிருந்து பிரிவையும், பிரிவிலிருந்து அது நின்ற களத்தையும் அறியலாம்.

எடுத்துக்காட்டாக ஒன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். 1942 ஜனவரியில் ஒருவன் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டான் என்று ஒரு பக்கம் கூறுகிறது. நோயின் பெயருக்குப் பதிலாக ஓர் எண் மட்டும் உண்டு. 1941-42 குளிர்காலத்திற் கிழக்கு முனையில் நின்றோர்க்குரிய பதக்கத்தை மற்றொரு பக்கம் குறிக்கிறது. உடைப் பக்கத்திலோ கடுங்குளிருக்கேற்ற ஆடை எதுவும் பதியப்படவில்லை. 1941 ஜூன் 22 இல் சோவியத் நாட்டினுள் நுழைந்த அப்படைக்கு, அக்குளிர்காலத்திற்குப் போதிய உடை வந்து சேரவில்லை என்பது நாம் அறிந்த செய்தி. மூன்று பக்கங்களையும் ஒருங்கே வாசிக்கும்போது, பனியில் விறைத்த ஒரு மனிதன் நம் கண்முன் தோன்றுகிறான்.

இதனை எழுதியவர்கள் சம்பள எழுத்தரும் வைத்தியரும் பண்டகசாலைப் பொறுப்பாளருமே. வரலாற்றுக்காக அவர்கள் எழுதவில்லை. ஆதலாலேயே இச்சான்றுக்கு மதிப்பு அதிகம். 1945 ஏப்ரிலிற் பொட்ஸ்டாம் நகர்மீது வீழ்ந்த குண்டுகளால் தரைப்படையின் ஆவணங்களிற் பெரும்பகுதி அழிந்தது. அதனால், வீடுகளில் எஞ்சிய ஏடுகளின் அருமை மேலும் உயர்ந்தது. 1939 இல் பேர்லினில் நிறுவப்பட்டு, போர்வீரரின் இழப்புக்களைப் பதிவுசெய்து வந்த நிலையம் 2019 இல் ஜேர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்துடன் இணைந்தது. காணாமற்போன தந்தையையும் பாட்டனையும் பற்றிக் குடும்பத்தார் இன்றும் அங்கே விசாரிக்கலாம்.

ஆயினும், நேயர்களே, இவ்வேட்டின் மௌனத்தையும் நாம் கேட்டாக வேண்டும். மேற்கூறிய களத் தபால் எண் லெனின்கிராட் நகரை முற்றுகையிட்ட பிரிவொன்றினுடையது என்று கொள்வோம். அம்முற்றுகை 1941 செப்டெம்பர் முதல் 1944 ஜனவரி வரை நீடித்தது. நகரினுள்ளே பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டனர். வீரனுக்குக் கொடுத்த காலுறையைக் கணக்கிட்ட ஏட்டில் அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. எரிந்த கிராமங்களுக்கும், சுடப்பட்ட யூத மக்களுக்கும் அங்கே பக்கம் ஒதுக்கப்படவில்லை.

"பாட்டனார் எங்கே இருந்தார்?" என்ற கேள்விக்கு ஏடு விடை தரும். "அங்கே அவர் என்ன செய்தார்?" என்பதற்கு அது விடை தராது. அதற்குப் பிறைபேர்க் நகரின் இராணுவக் காப்பகத்திலுள்ள படைப்பிரிவு நாட்குறிப்புக்களையும், நீதிமன்றச் சாட்சியங்களையும், அவ்வூர் மக்களின் வாய்மொழியையும் நாடவேண்டும். ஏட்டில் இல்லை என்பதனால் ஒருவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தலும் தகாது. அங்கே நின்றான் என்பதனாலேயே குற்றவாளி என்று தீர்த்தலும் தகாது. இரண்டு கேள்விகளையும் வேறுவேறாக வைத்து, இரண்டையும் விடாது கேட்பதே வரலாறு கற்போர் கடமை.