குறிப்புக்கு ஒரு இலக்கம்

நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கோப்புறையில் சாதாரண எழுத்துக் கோப்புகளாகக் குறிப்பு வைத்தால், முதலில் சாகிறது இணைப்புத்தான். ஒருவர் கோப்பின் பெயரைத் திருத்துவார், இன்னொருவர் அதை வேறு கோப்புறைக்கு மாற்றுவார். 'இதுக்கு ஆதாரம் அங்க இருக்கு' எண்டு எழுதி வைத்த வரி பேந்து ஒரு இடத்துக்கும் போகாது. ஆதாரம் இல்லாத வரியை வைத்து நாங்கள் கட்டுரை எழுத ஏலாது.

கணினிக்கு முந்தியே இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல விடை இருந்தது. ஜேர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் 1950களில் இருந்து ஏறத்தாழ 90,000 குறிப்புத் தாள்களை மரப்பெட்டிகளில் சேர்த்தார். தலைப்பு வாரியாக அடுக்கவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு இலக்கம், அது கடைசி வரை மாறாது. 57/12 க்கும் 57/13 க்கும் இடையில் புதுசாக ஒன்று செருக வேணுமெண்டால் 57/12a. பழைய தாள்களைத் தொடவே தேவையில்லை. ஒரு தாளில் இன்னொன்றின் இலக்கத்தை எழுதினால் அதுதான் இணைப்பு. எங்களுக்கு இதுதான் முழு வரலாற்றிலும் ஆகக் கெட்டிக்காரத்தனமான வேலையாகத் தெரியுது.

கணினிக்காரர் வேறு வழியால் போனார்கள். 'ஹைப்பர்ரெக்ஸ்ட்' என்ற சொல்லை 1965 இல் தந்த ரெட் நெல்சன், இரண்டு பக்கமும் அறிகிற, முறியாத இணைப்பைக் கனவு கண்டார். 1989 இல் வலையை முன்மொழிந்த ரிம் பேர்ணர்ஸ்-லீ இணைப்பை ஒருவழிப் பாதையாக்கினார். முறிந்தால் முறியட்டும், 404 எண்டு காட்டும். வலை உலகம் முழுக்கப் பரவினதுக்கு இந்த விட்டுக்கொடுப்பும் ஒரு காரணம்.

1995 இல் வார்ட் கன்னிங்ஹாம் உருவாக்கிய விக்கியில் பெயரே இணைப்பு. இரண்டு ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளோடு ஒட்டி எழுதினால் போதும். தமிழில் பெரிய எழுத்து ஏது? பிறகு இரட்டைச் சதுர அடைப்பு வந்தபடியால் தப்பினோம்.

பெயரை நம்புவதில் தமிழுக்கு இன்னொரு தனிக் கரைச்சல் இருக்கு. யூனிகோட்டில் 'கொ' வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மக் கணினிகளின் பழைய எச்எப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயரைப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸ் வழக்கமாக இரண்டையும் வேறு வேறு பெயராகவே பார்க்கும். அப்ப 'கொழும்பு' எண்ட கோப்பு கண்முன்னே இருந்தும் இணைப்பு அதைக் காணாது!

2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண். ஒரே தலைப்பில் பல நூல்கள் இருக்கலாம், ஒரு சஞ்சிகைக்கு எத்தனையோ இதழ்கள் இருக்கலாம், எண் குழம்பாது.

எழுத்துக் கோப்புக்கும் அதையே செய்யலாம். குறிப்புத் தொடங்கிய நாளையும் நேரத்தையும் 202403151030 எண்டு பெயரின் முன்னால் போட்டு, கோப்பின் முதல் வரியிலும் எழுதுங்கள். இணைப்பில் அந்த இலக்கம் மட்டும் போதும். தலைப்பு மாறட்டும், கோப்புறை மாறட்டும், தேடினால் அம்பிடும். ஒரே நிமிடத்தில் இரண்டு பேர் தொடங்கினால் மோதும்தான். அதுக்கு ஆளுக்கொரு இலக்கத்தைக் கடைசியில் ஒட்டிவிட்டால் சரி.