நடைச்சீட்டு யார் கையில்? பழங்குடியினரின் வன உரிமையும் மூங்கில் விற்பனையும்

காட்டில் விளையும் மூங்கில் பழங்குடியினருக்குச் சொந்தம் என்று சட்டம் கூறுகிறது. ஆனால் வெட்டிய மூங்கிலைச் சந்தைக்கு ஏற்றிச் செல்ல நடைச்சீட்டு வேண்டும். அச்சீட்டை வழங்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியே, மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தைச் சேர்ந்த மேந்தா (லேகா) என்னும் சிற்றூரை நாடறியச் செய்தது.

உலகில் 90 நாடுகளில் சுமார் 47.6 கோடி பூர்வகுடி மக்கள் வாழ்வதாக ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிடுகிறது. உலக மக்கள்தொகையில் இது 6 விழுக்காடு மட்டுமே. எனினும் கடும் வறுமையில் வாடுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இம்மக்களே. பூர்வகுடி மக்களின் உரிமைகள் குறித்த பிரகடனத்தை ஐ.நா. பொதுச் சபை 2007 செப்டம்பர் 13 அன்று ஏற்றபோது, ஆதரித்து வாக்களித்த 144 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. விடுதலையின்போது நாட்டில் வாழ்ந்த மக்கள் அனைவரும் பூர்வகுடிகளே என்பது இந்தியாவின் நிலைப்பாடாகும். ஆதலால் இங்கு உரிமைகள் பெரும்பாலும் 'பட்டியல் பழங்குடியினர்' என்ற பெயரிலேயே வகுக்கப்பட்டுள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்களின் எண்ணிக்கை 10.43 கோடி. இது நாட்டின் மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு.

சட்டம் சொல்வது என்ன?

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருவகை உரிமைகளை அங்கீகரிக்கிறது. ஒன்று, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே குடும்பங்கள் அனுபவித்துவரும் வன நிலத்தின் மீது, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை வழங்கப்படும் தனிநபர் உரிமை. மற்றொன்று, ஊர் முழுவதற்கும் பொதுவான சமுதாய வன உரிமை. உரிமை கோரும் மனுக்களை முதலில் கிராம சபை ஆராய்ந்து தீர்மானம் நிறைவேற்றும். பின்னர் அவை கோட்ட அளவிலான குழுவுக்கும், இறுதியாக மாவட்டக் குழுவுக்கும் செல்லும்.

தேன், மெழுகு, அரக்கு, மூலிகைகள், கிழங்குகள், பீடி சுற்றப் பயன்படும் தெந்து இலை ஆகியவற்றோடு மூங்கிலையும் சிறு வன மகசூலாக இச்சட்டம் வரையறுக்கிறது. இவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் வனவாசிகளுக்கு உரிமை உண்டு. சிக்கல் தொடங்கியதும் இவ்வரையறையில்தான். 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் மூங்கிலை 'மரம்' என்றே குறிப்பிட்டிருந்தது. தாவரவியலின்படி மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆயினும் மரம் என்ற அவ்வொரு சொல்லின் பலத்தில், மூங்கில் நெடுங்காலம் வனத் துறையின் வசமே இருந்தது.

மேந்தாவில் நடந்தது

கோண்டு பழங்குடியினர் வாழும் மேந்தா (லேகா), நாட்டில் சமுதாய வன உரிமையை முதன்முதலாகப் பெற்ற கிராமங்களுள் ஒன்று. 2009ஆம் ஆண்டு சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது அதற்கு உரிமை வழங்கப்பட்டது. அதன் பின்னரும் அங்கு வெட்டப்பட்ட மூங்கிலுக்கு நடைச்சீட்டு கிடைக்கவில்லை. மூங்கில் மரமே, ஆகவே அது சிறு வன மகசூலில் சேராது என்பது வனத் துறையின் வாதமாக இருந்தது. நடைச்சீட்டு இன்றி மூங்கிலைக் கொண்டுசென்றால் அது கடத்தலாகக் கருதப்படும், வாங்குபவரும் முன்வரமாட்டார். சொந்தமான பொருளை விற்க இயலாத விந்தையான நிலை அது. இதே மூங்கில் வளம் முன்னர் காகித ஆலைக்குக் குத்தகைக்கு விடப்பட்டு வந்ததை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும்.

2011ஆம் ஆண்டு அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் துறை அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், மூங்கிலைச் சிறு வன மகசூலாகவே கருத வேண்டும் என்று மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு ஏப்ரலில் மாநில முதலமைச்சர் பிருதிவிராஜ் சவாணுடன் மேந்தாவுக்கே நேரில் சென்று, நடைச்சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்தார்.

2012இல் திருத்தப்பட்ட வன உரிமை விதிகள் இதனைப் பொதுவிதியாக்கின. கிராம சபை அமைக்கும் குழுவோ, சபையால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ நடைச்சீட்டு வழங்கலாம். சிறு வன மகசூல் சேகரிப்புக்கு உரிமத் தொகையோ கட்டணமோ வசூலிக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக, 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் மர வரையறையிலிருந்தும் மூங்கில் நீக்கப்பட்டது. ஆனால் காட்டுக்கு வெளியே மூங்கில் பயிரிடுவோருக்கே இத்திருத்தத்தால் பெரும்பயன். காட்டு மூங்கில் இன்றும் அச்சட்டத்தின்படி வனப்பொருளே. எனவே வனவாசிகளுக்குப் பாதுகாப்பாக இருப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

இலையின் கதை

தெந்து இலையின் நிலையும் இதை ஒத்ததே. மத்தியப் பிரதேசத்தில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அவ்விலை வணிகம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பிற மாநிலங்களும் இவ்வகைச் சட்டங்களை இயற்றின. கோடை வெயிலில் இலை பறிப்போர் கூலியாட்களாகவே நடத்தப்பட்டனர். 2013ஆம் ஆண்டு முதல் கட்சிரோலி, கோந்தியா மாவட்டங்களின் கிராம சபைகள் பல ஒன்றுசேர்ந்து, வணிகர்களிடம் தாமே விலை பேசி இலைகளை விற்கத் தொடங்கின. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றும் பெண்களின் கைக்கு வந்து சேர்வதும் இத்தகைய மத்திய இந்தியக் காடுகளின் இலைதான்.

தனிநபர் உரிமை கோரியவர்களின் நிலை இவ்வளவு உறுதியானதன்று. மனுக்கள் நிராகரிக்கப்பட்டவர்களை வன நிலத்திலிருந்து வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 13 அன்று பிறப்பித்த உத்தரவு, நாடெங்கும் பல லட்சம் குடும்பங்களைக் கலங்கச் செய்தது. மத்திய அரசின் வேண்டுகோளை ஏற்று, அதே மாதம் 28ஆம் தேதி நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்திவைத்தது. மனுக்கள் முறைப்படி ஆராயப்பட்டனவா, நிராகரிப்புக்கான காரணம் மனுதாரருக்குத் தெரிவிக்கப்பட்டதா என்ற கேள்விகள் அப்போது முன்னிலைக்கு வந்தன.

கட்சிரோலியை அடுத்த சந்திரபூர் மாவட்டத்தின் பாஞ்ச்காவ் கிராமம் 2012இல் சமுதாய வன உரிமை பெற்று, மூங்கில் விற்பனையில் ஈடுபட்டு வருகிறது. தெந்து இலை நல்ல வருவாய் தரும் என்றபோதிலும், அதனைப் பறிப்பதையே அவ்வூர்க் கிராம சபை நிறுத்திவிட்டது. இலைக்காகக் கிளைகளை வெட்டுவதும், புதுத்தளிர் வரவேண்டித் தரைக்குத் தீயிடுவதும் காட்டைப் பாழாக்கும் என்பது சபை கூறிய காரணம்.