உயிரியல் தரவுகள் பொதுவுடைமையான வரலாறு

இன்று தேனியில் முதுகலை விலங்கியல் படிக்கும் ஒரு மாணவி கைப்பேசியிலேயே ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஒரு பாக்டீரியாவின் முழு மரபணு வரிசையைத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஊருக்கு மேற்கே தெரியும் மலையில் இருபது ஆண்டுகளில் எவ்வளவு காடு போயிற்று என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிடலாம். எதற்கும் காசு கேட்பதில்லை. இணையம் பரவியதும் இவையெல்லாம் தாமாகத் திறந்துகொண்டன என்றே பலரும் நினைக்கிறோம். வரலாற்றைப் பின்தொடர்ந்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. உயிரியல் தரவு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு, காந்த நாடாவும் துளையட்டையும் புழங்கிய காலத்திலேயே தொடங்கிவிட்டது. இன்று கட்டணமின்றித் திறந்திருக்கும் தளங்களுக்குப் பின்னால் அந்த வழக்கில் சிலர் எடுத்த உறுதியான முடிவுகள் இருக்கின்றன.

1955இல் பிரெடெரிக் சாங்கர் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களும் எந்த வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பதை முழுமையாகக் கண்டறிந்தார். தொடர்ந்து வேறு புரதங்களின் வரிசைகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன; ஆனால் பல நாட்டு ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஓரிடத்தில் சேர்த்தவர் மார்கரெட் ஓக்லி டேஹாஃப். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டத்துக்கே துளையட்டை இயந்திரங்களைப் பயன்படுத்தியவர் அவர். அமெரிக்காவின் தேசிய உயிர்மருத்துவ ஆய்வு அறக்கட்டளையில் ராபர்ட் லெட்லியுடன் பணியாற்றியபோது, துண்டு துண்டாகக் கிடைத்த புரதப் பகுதிகளைப் பொருத்தி முழு வரிசையைக் கண்டுபிடிக்கும் கணினி நிரலை எழுதினார். 1965இல் அவரது குழு வெளியிட்ட புரத வரிசை அட்லஸின் முதல் பதிப்பில் 65 புரதங்கள் இடம்பெற்றன. அமினோ அமிலம் ஒவ்வொன்றையும் ஒற்றை எழுத்தால் குறிக்கும் இன்றைய வழக்கமும் அவர் வழியாக நிலைபெற்றதே.

அட்லஸ் விற்பனைக்கு வந்த நூல். பின்னர் காந்த நாடாவிலும் அதன் தரவுகள் விலைக்குக் கிடைத்தன; வாங்கியவர் அவற்றை மறுபடி பிறருக்கு வழங்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. இதற்காக டேஹாஃபைக் குறைசொன்னவர்கள் அன்று உண்டு. ‘எங்கள் ஆய்வகத்தில் கண்டறிந்த வரிசையைத் தொகுத்து எங்களுக்கே விற்பதா?’ என்பது அவர்களின் மனக்குறை. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிறர் கண்டறிந்தவற்றைச் சேகரித்து, பிழை நீக்கி, ஒப்பிட்டு வகைப்படுத்தும் வேலையை ஆய்வு என்று மதித்து நிதி தரும் வழக்கம் அன்று வேரூன்றவில்லை. விற்பனை இல்லாமல் அட்லஸை நடத்த அவருக்கு வழி குறைவு. புரதங்கள் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்பதற்கு 1978இல் அவர் குழு வெளியிட்ட கணக்கீட்டு அட்டவணைகள், அந்தத் தொகுப்பு இல்லாமல் பிறந்திருக்கவே முடியாது. தொகுப்பதும் அறிவியல்தான் என்பதை முதலில் செய்து காட்டியவர் அவர்.

1977இல் டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் விரைவான முறைகள் இரண்டு வெளிவந்தன. ஒன்று சாங்கருடையது, மற்றது மேக்சம், கில்பர்ட் இருவருடையது. வரிசைகள் வெள்ளமாகப் பெருகத் தொடங்கின. பொதுத் தரவுத்தளம் தேவை என்று 1979இல் நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் கூடிய அறிவியலாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஐரோப்பா முந்திக்கொண்டது: ஹைடல்பெர்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் 1982 ஏப்ரலில் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. அமெரிக்காவில் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஒப்பந்தத்துக்கு டேஹாஃபின் அறக்கட்டளை போட்டியிட்டது. எதிரே லாஸ் அலமோஸ் ஆய்வகம் நின்றது. அணுகுண்டு பிறந்த இடம் அது. அங்கே வரிசைத் தொகுப்பை முன்னெடுத்த வால்டர் கோட், வெப்ப அணு ஆயுத ஆய்விலிருந்து உயிரியலுக்கு வந்த இயற்பியலாளர். அவருடன் கைகோத்த போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனமோ, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் கருவிகளை உருவாக்கியது.

1982 ஜூனில் ஒப்பந்தம் இவர்களுக்கே கிடைத்தது. இரகசியத்தையே தொழிலாகக் கொண்ட ஓர் ஆய்வகத்தோடு இணைந்த அணி, தரவின் மீது எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று வாக்களித்தது. அவ்வாக்கு அதன் வெற்றிக்குப் பெரிதும் துணைநின்றது. டேஹாஃப் 1983 பிப்ரவரியில் 57 வயதில் மறைந்தார். அவரது அட்லஸின் வழிவந்த தரவுகள் 2002இல் தொடங்கிய யூனிபுரோட் தளத்தில் கலந்து, இன்று உலகுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன.

ஜென்பேங்க் எனப்பட்ட அந்தப் புதிய களஞ்சியத்தின் 1982 டிசம்பர் வெளியீட்டில் இருந்தவை 606 வரிசைகள், 6,80,338 எழுத்துகள். அளவு சிறிது, சிக்கல் பெரிது. பணியாளர்கள் ஆய்விதழ்களைப் புரட்டி, அச்சில் வந்த வரிசைகளைக் கையால் தட்டச்சு செய்தார்கள். கட்டுரை வெளிவந்து ஓராண்டு கழிந்தும் அதன் வரிசை தளத்தில் ஏறாமல் கிடந்தது. இந்த முடிச்சை எந்தக் கணினியும் அவிழ்க்கவில்லை, அவிழ்த்தவர்கள் இதழாசிரியர்கள். வரிசையைத் தரவுத்தளத்தில் சேர்த்துப் பதிவெண் பெற்றவரின் கட்டுரையை மட்டுமே வெளியிடுவோம் என்ற விதியை 1980களின் இறுதியில் ‘நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச்’ இதழ் கொண்டுவந்தது. மற்ற இதழ்களும் பின்தொடர்ந்தன. ஆய்வாளருக்குக் கட்டுரை வேண்டும், கட்டுரைக்குப் பதிவெண் வேண்டும், பதிவெண்ணுக்குத் தரவைத் தர வேண்டும். இந்த வரலாற்றில் இதைவிடப் பெரிய பலனைத் தந்த விதியை நான் காணவில்லை.

புரத வடிவங்களின் களஞ்சியமும் இதே பாதையில்தான் வந்தது. 1971இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏழே வடிவங்களுடன் தொடங்கிய புரதத் தரவு வங்கி, தரவுகளைக் காந்த நாடாவில் பதிந்து அஞ்சலில் அனுப்பியது. இன்று அதில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. அங்கே சேரும் புரத வடிவங்களின் தரத்தை ஆராயும்போது பார்க்கப்படும் அளவுகோல்களில் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே முடியாது என்பதை அது காட்டுகிறது. நம் மாணவர்கள் அந்தத் தளத்தைத் திறக்கும்போது ‘ராமச்சந்திரன்’ என்ற பெயர் தரச் சான்றாக நிற்பதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அடுத்த திருப்பம் 1996 பிப்ரவரியில் பெர்முடா தீவில் நடந்தது. மனித மரபணுத்தொகுதியைப் படித்துக்கொண்டிருந்த குழுக்கள் கூடி, ஆயிரம் எழுத்துகளுக்கு மேல் இணைத்த பகுதி ஒவ்வொன்றையும் 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வெளியிடுவது என்று உடன்பட்டன. கட்டுரை எழுதும்வரை கூடக் காத்திருக்கக் கூடாது. ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் இதற்காக வாதாடினார்கள். நூற்புழுவின் மரபணுக்களை ஆராய்ந்த காலத்திலேயே தரவைத் தாராளமாகப் பகிர்ந்து பழகியவர்கள் அவர்கள். இந்த உடன்பாட்டின் அருமை 2001இல் விளங்கியது. அதே தொகுதியைத் தனியே படித்த செலெரா நிறுவனம் தன் மனித மரபணு வரிசையை ஜென்பேங்கில் சேர்க்காமல், நிபந்தனைகளுடன் தன் தளத்தில் மட்டும் வைத்தது. பொதுத் திட்டத்தின் வரிசை ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்ததால், மனித மரபணுத்தொகுதியை அறிய ஒரு நிறுவனத்தின் வாசலில் காத்திருக்க வேண்டிய நிலை உலகுக்கு நேரவில்லை. இதற்கிடையே 1997 ஜூனில் பப்மெட் தேடல் இலவசமாகி, மருத்துவ ஆய்விதழ்களின் சுருக்கங்கள் எல்லோருக்கும் கிடைத்தன.

சுற்றுச்சூழல் தரவுகளின் கதையில் எண்களே போதும். முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. 1980களில் படங்களின் விற்பனை தனியாரிடம் போனது. ஒரு படத்தின் விலை 4,000 டாலரைத் தாண்டியது. வெப்பமண்டலக் காடுகள் வேகமாக அழிந்த அந்த ஆண்டுகளில், காடுகளைச் சொந்தமாகக் கொண்ட ஏழை நாடுகளால் தம் காட்டின் படத்தை வாங்க முடியவில்லை. இதை ஓர் அநீதியாகவே நான் பார்க்கிறேன். 1999இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 7இன் படங்கள் 600 டாலருக்குக் கிடைத்தன. விற்பனை உச்சத்தில் இருந்த 2001இல் கூட ஓராண்டில் சுமார் 25,000 படங்களே விற்றன. 2008இல் அமெரிக்கப் புவியியல் அளவீட்டுத் துறை எல்லாவற்றையும் இலவசமாக்க முடிவெடுத்தது. அடுத்த ஓராண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் தரவிறக்கப்பட்டன. 2013இல் மேத்யூ ஹேன்சன் குழு 6,54,178 படங்களை ஆராய்ந்து, 2000 முதல் 2012 வரை உலகம் 23 லட்சம் சதுர கிலோமீட்டர் காட்டை இழந்ததாகக் காட்டியது. பழைய 600 டாலர் விலையில் அந்தப் படங்களுக்கு மட்டும் 39 கோடி டாலர் ஆகியிருக்கும். ஆய்வே நடந்திருக்காது.

இதுவரை சொன்னதை வைத்துத் திறப்பது எப்போதும் நன்மை என்று முடித்துவிடலாம். ஆனால் 2007இல் இந்தோனேசியா எழுப்பிய கேள்வி அதற்கு இடம்தரவில்லை. தன் நாட்டு நோயாளிகளிடம் எடுத்த பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தர அந்நாடு மறுத்தது. மாதிரி எங்களுடையது, அதிலிருந்து பிறக்கும் தடுப்பூசியை விலைகொடுத்து வாங்க முடியாதவர்களும் நாங்களா என்று கேட்டது. வைரஸ் வரிசைகளைப் பகிர 2008இல் உருவான கிசைட் தளம் அந்தக் கேள்விக்கு ஓரளவு செவிசாய்த்தது: பயன்படுத்துவோர் பெயரைப் பதிய வேண்டும், தரவு தந்த ஆய்வகத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் பல நாட்டு ஆய்வகங்கள் தம் வைரஸ் வரிசைகளை இந்தத் தளத்தில் சேர்த்ததற்கு இந்த விதிகளும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. நிபந்தனையின்றிப் பொதுவில் வெளியிடும் பழைய முறையின் வலிமையும் அதே காலத்தில் தெரிந்தது. 2020 ஜனவரியில் சீன அறிவியலாளர் சாங் யோங்சென்னின் குழு கண்டறிந்த, சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட வரிசை பொதுவில் வெளியானது. தடுப்பூசி வடிவமைப்பு சில நாட்களிலேயே தொடங்கியது.

இந்த வழக்கு இப்போது ஐக்கிய நாடுகளின் பல்லுயிர் உடன்படிக்கையின் முன் இருக்கிறது. மரபணு வரிசைகளால் ஆதாயம் பெறும் பெரிய நிறுவனங்கள் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதற்காக 2025 பிப்ரவரியில் காலி (Cali) நிதியம் தொடங்கப்பட்டது. லாபத்தில் 1 விழுக்காடு அல்லது வருவாயில் 0.1 விழுக்காடு என்பது அதன் அளவுகோல், தருவது கட்டாயமில்லை. இந்தியா 2022 நவம்பரில் பரீதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையத்தைத் திறந்தது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தரவுகள் 2025 ஜனவரி முதல் அங்கே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஆனால் ஜென்பேங்கைப் போலச் சுட்டியைச் சொடுக்கி எடுத்துக்கொள்ள முடியாது. எதற்காகக் கேட்கிறோம் என்று விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும்.