பரிசு வந்தது, படம் வரவில்லை

2025 ஆகஸ்ட் முதல் தேதி தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த நடிகர் விருது ‘ஜவான்’ படத்துக்காக ஷாருக் கானுக்கும், ‘12த் ஃபெயில்’ படத்துக்காக விக்ராந்த் மாஸிக்கும். தமிழில் சிறந்த படம் ‘பார்க்கிங்’. மறுநாள் தேரடித் தெரு டீக்கடையில் பேச்செல்லாம் ‘ஜவான்’தான். “இதுக்குப் போயா?” என்று ஒருவர் கேட்டார்.

தமிழனுக்கு இது பழகிய கேள்வி. 1971-இல் வந்த ‘ரிக்‌ஷாக்கார’னுக்காக எம்.ஜி.ஆருக்குச் சிறந்த நடிகர் விருது தந்தபோதும் இதைத்தான் கேட்டார்கள். அதே ஆண்டின் சிறந்த படம் சத்யஜித் ராயின் ‘சீமாபத்தா’ என்பது யாருக்கும் ஞாபகமில்லை. சிவாஜி கணேசனுக்குக் கடைசிவரை அந்த விருது கிடைக்கவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. இந்த வழக்கில் நான் வக்காலத்து வாங்கத் தயாரில்லை. தகாதவருக்குக் கொடுத்தார்கள் என்று ஐம்பது வருஷமாகக் கத்திக்கொண்டிருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தகுந்ததற்குக் கொடுத்தபோது நாம் என்ன செய்தோம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

1964-ஆம் ஆண்டுப் படங்களில் முதலிடம் ‘சாருலதா’வுக்கு. மூன்றாவது சிறந்த படமாகத் தேர்வானது, ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’. அகில இந்திய அளவில் ராய்க்கு இரண்டு படி கீழே ஒரு தமிழ்ப் படம்! அது ஊர் ஊராகப் போகவில்லை. பரிசுக்கும் கொட்டகைக்கும் இடையே பாதையே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. விதிமுறைப்படி தேர்வுக்குழுவுக்கு வேண்டியது தணிக்கைச் சான்றிதழும் அதிலுள்ள தேதியும்தான். படம் எந்த ஊரில் ஓடியது என்று அது கேட்பதில்லை.

1977-இல் ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’. இயக்கியவர் மலையாளி. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். ‘எழுத்து’ காலத்திலிருந்து தமிழ்ச் சூழலின் போலித்தனங்களை விடாமல் அடித்துக்கொண்டிருந்தவர். தாயை இழந்த ஒரு கழுதைக்குட்டியைப் பேராசிரியர் நாராயணசாமி எடுத்து வளர்க்கிறார். கல்லூரி சிரிக்கிறது. கிராமத்துக்குக் கொண்டுபோகிறார். ஊமைப்பெண் உமா அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் நடக்கும் தப்பெல்லாம் கழுதையின் தலையில் விழுகிறது. அடித்துக் கொல்கிறார்கள். பிறகு நல்லது நடக்கத் தொடங்கியதும், கொன்றவர்களே அதற்குக் கோயில் கட்ட யோசிக்கிறார்கள்.

இதற்குத் தமிழின் சிறந்த படம் என்று தேசிய விருது கிடைத்தது. தமிழ்ப் பத்திரிகைகள் வாயைத் திறக்கவில்லை. தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக இருந்து, எதிர்ப்புக்குப் பயந்து பின்வாங்கியது. அவ்வளவுதான் தமிழ்நாட்டில் அதன் சரித்திரம்.

இதில் என் பங்கையும் சொல்லியாக வேண்டும். பல வருஷம் அந்தப் படத்தை நான் பார்க்காமலே புகழ்ந்திருக்கிறேன். திரைக்கதையைப் படித்திருந்தேன்; விருது வேறு இருந்தது. கூட்டத்தில் எழுந்து அதன் பேரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் அடங்கிவிடுவார், ஏனென்றால் அவரும் பார்த்ததில்லை. கழுதைக்குக் கோயில் கட்டியவர்களில் நானும் ஒருவன். ரொம்ப நாள் கழித்துக் கம்ப்யூட்டரில் ஒரு மங்கிய பிரதியைப் பார்த்தபோது சங்கடமாக இருந்தது. நடிப்பு பல இடங்களில் பள்ளிக்கூட நாடகம். பேராசிரியராக வரும் எம்.பி. சீனிவாசன் இசையமைப்பாளர், நடிகரல்ல. அந்த விறைப்பே பாத்திரத்துக்குப் பொருந்தியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கொன்ற அதே குரல்கள் பக்தியோடு குழைவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றும் ஊர்க்காரனுக்கு அது தொலைவில் நடக்கும் கதையாகத் தோன்றாது. என் புகழ்ச்சியில் இந்தச் சங்கடம் ஒருநாளும் இருந்ததில்லை. பார்க்காத படத்தில் எப்படி இருக்கும்?

ஜான் இதிலிருந்து ஏதோ கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கேரளத்துக்குத் திரும்பி, ஒடேஸா என்ற குழுவோடு, ஜனங்களிடமே காசு வசூலித்து 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். அடுத்த வருஷம் மே மாதம் இறந்துபோனார். நம்மிடம் அந்த வசூல் உண்டியல் வரவில்லை.

2021-இல் பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ ராட்டர்டாமில் டைகர் விருது பெற்றது. ஆஸ்கர் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். கொட்டகைக்கு வராமல், 2023-இல் நேராக இணையத் திரைக்குப் போனது. அவருடைய அடுத்த படம் ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்டில் கொட்டகைக்கே வந்தது. சென்னைக்குப் போய்ப் பார்த்தேன். பாதியில் சிலர் எழுந்து போனார்கள். பின்னணி இசையே இல்லாததால் அவர்கள் செருப்புச் சத்தம் நன்றாகக் கேட்டது. படம் சட்டென்று நின்று விளக்கு போட்டதும், பக்கத்து இருக்கைக்காரர் என்னைப் பார்த்து, “அவ்வளவுதானா சார்?” என்றார். கோபமாகத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மாடிப்படி இறங்கும்வரை இருவரும் அந்த முடிவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.