ஜலதோஷத்துக்கு மருந்து உண்டா? பம்பாய்க் காய்ச்சல் முதல் சிரப் பாட்டில் வரை

மும்பையில் மழை ஓய்ந்து அக்டோபர் வெயில் தலைகாட்டியதும் எங்கள் கட்டிடத்தில் மாடிக்கு மாடி தும்மல் சத்தம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் போதும், ஒரே வாரத்தில் லிஃப்டில் ஏறுகிற எல்லோர் மூக்கும் சிவந்திருக்கும். ஊரில் இருந்தால் அம்மா மிளகு ரசம் வைப்பார், பாட்டி கற்பூரவள்ளி இலையைக் கிள்ளிக்கொண்டு வருவார். இங்கே நமக்குப் பாட்டி ஸ்தானத்தில் இருப்பவர் தெருமுனை மெடிக்கல்காரர். "பச்சே கோ சர்தி ஹை" என்று நமக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னால் போதும். குழந்தைக்கு என்ன வயது, எத்தனை கிலோ என்று கேட்காமலே ஒரு சிரப்பும், நமக்கு ஒரு அட்டை மாத்திரையும் கையில் வந்துவிடும். அந்த அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

2025 அக்டோபருக்குப் பிறகு இதைப் படிக்காமல் இருக்க முடியாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம், சாதாரணச் சளி காய்ச்சலுக்கு சிரப் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்து போனார்கள். அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். செய்தியைப் படித்த அன்று தங்கமணி வீட்டு மருந்து டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினார். அதில் இருந்த ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தப் பதிவு.

பம்பாய்க் காய்ச்சல்

ஃப்ளூ என்றதும் மும்பைக்காரர்கள் முதலில் நினைக்க வேண்டியது 1918. அந்த ஆண்டு ஜூன் மாதம், துறைமுகத்தில் காவலுக்கு நின்ற ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மலேரியாவும் இல்லை, என்னவென்றும் தெரியவில்லை. முதல் உலகப்போர் முடிகிற நேரம், கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ரயில் ஏறி நாடெங்கும் போன அந்த நோய்க்குப் 'பம்பாய்க் காய்ச்சல்' என்றே பெயர் வந்துவிட்டது. ஜூனில் வந்தது லேசான அலை. செப்டம்பரில் திரும்பி வந்ததுதான் எமன். அக்டோபர் 6ஆம் தேதி ஒரே நாளில் பம்பாய் நகரத்தில் 768 பேர் இறந்தார்கள். இந்தியா முழுவதும் இறந்தவர்கள் ஒரு கோடியே 20 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 லட்சம் வரை இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். நம் நாட்டு சென்சஸ் வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911-21தான்.

அன்றைக்கு இதற்கு மருந்து கிடையாது. வைரஸ் என்பதே தெரியாது. 1892ல் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று நம்பினார்கள். மருந்து இல்லாதபோது யார் பிழைத்தார்கள்? பம்பாய்க் கணக்கில் ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8 பேர் இறந்தார்கள். 'தாழ்ந்த சாதி' என்று சர்க்கார் எழுதி வைத்த மக்களில் ஆயிரத்துக்கு 61 பேர். நோய் ஒன்றுதான், கைவசம் மருந்து இல்லாததும் இரண்டு பேருக்கும் பொதுதான். அந்த வருஷம் மழை பொய்த்து தானிய விலை ஏறியிருந்தது. காற்றோட்டமான வீடு, வயிற்றுக்குச் சாப்பாடு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள், இவை இருந்தவன் பிழைத்தான். ஒரே அறையில் பத்துப் பேர் படுத்திருந்த சாலில் இருந்தவனுக்கு இந்த மூன்றுமே இல்லை.

மருந்தே வினையான கதையும் அப்போது உண்டு. அமெரிக்காவில் டாக்டர்கள் ஃப்ளூவுக்கு ஒரு நாளைக்கு 8 கிராமிலிருந்து 30 கிராம் வரை ஆஸ்பிரின் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய உச்சவரம்பு 4 கிராம். 1918 சாவுகளில் ஒரு பங்கு ஆஸ்பிரினால் வந்திருக்கலாம் என்று 2009ல் கேரன் ஸ்டார்கோ என்ற டாக்டர் எழுதினார். அது ஊகம்தான். ஆனால் அந்த அளவு விஷம் என்பது ஊகம் இல்லை.

தும்மிய மரநாயும் சாலிஸ்பரி விடுதியும்

1933ல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா என்ற மூவர் மனித ஃப்ளூ வைரஸைப் பிடித்தார்கள். உதவியது ஃபெரெட் என்கிற மரநாய் ஜாதிப் பிராணி. அது ஸ்மித்தின் முகத்தில் தும்ம, அவருக்கே ஃப்ளூ வந்தது!

அந்த ஆண்ட்ரூஸ்தான் பிறகு ஜலதோஷத்தின் பின்னால் போனார். 1946ல் இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்ற ஊரில் ஜலதோஷத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். தங்குமிடம், சாப்பாடு இலவசம்; பதிலுக்கு மூக்கில் சொட்டு விட்டுக்கொள்ள வேண்டும். சிலர் ஹனிமூனுக்கே வந்தார்களாம் :-) குளிரில் நனைந்தால் சளி பிடிக்குமா என்றும் சோதித்தார்கள். வெந்நீரில் குளிக்க வைத்து, ஈரத்தோடு அரை மணி நேரம் காற்று வீசும் இடத்தில் நிற்க வைத்தார்கள். சளி அதிகமாகவில்லை. (2005ல் கார்டிஃபில் குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்துச் செய்த சோதனையில் கொஞ்சம் வேறு மாதிரி முடிவு வந்தது. ஆகவே "தலையைத் துவட்டு" என்று அம்மா சொல்வதைக் கேட்டுக்கொள்வதில் நஷ்டம் இல்லை.)

நிலையத்தை 1990ல் மூடினார்கள். ஜலதோஷத்துக்கு மருந்து கிடைக்கவில்லை. ஏன் என்பது மட்டும் புரிந்தது. ஜலதோஷம் ஒரு நோய் இல்லை, ஒரே மாதிரித் தெரிகிற ஒரு கூட்டம். ரைனோவைரஸில் மட்டும் 150க்கு மேற்பட்ட வகைகள். மனிதருக்குச் சளி பிடிக்க வைக்கும் கொரோனா வைரஸ் ஒன்றையும் 1965ல் இங்கேதான் கண்டார்கள். இவற்றில் எதற்கும் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, அது பாக்டீரியாவுக்கானது.

ஃப்ளூவுக்கு மட்டும் நிலைமை கொஞ்சம் மாறியது. தடுப்பூசி இருக்கிறது. 1999ல் ஓசல்டாமிவிர் வந்தது, டாமிஃப்ளூ என்றால் தெரியும். பிரியாணியில் போடுகிற அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கும் அமிலம்தான் அதன் மூலப்பொருள். 2009ல் பூனாவில் பன்றிக்காய்ச்சல் வந்து பள்ளிகளை மூடியபோது எல்லோர் வாயிலும் அந்தப் பெயர்தான். நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். அதுவும் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது.

தைல டப்பாவின் பூர்வீகம்

அமிர்தாஞ்சன் என்றால் நமக்கு ஊர் வாசனை. ஆனால் அது பிறந்தது இந்த மும்பையில்தான், 1893ல். செய்தவர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ். பிழைப்புக்காக இங்கே வந்த தெலுங்குக்காரர், நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே பிரபலப்படுத்தினார் என்று சொல்வார்கள். அந்தப் பணத்தில்தான் 1908ல் இங்கே 'ஆந்திர பத்திரிகை'யைத் தொடங்கினார். பிறகு சென்னைக்குப் போனார். மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான்.

தைலம் தடவினால் மூக்கு திறந்த மாதிரி இருக்கிறதே? திறப்பதில்லை. மென்தால், நம் நரம்பில் குளிர்ச்சியை உணர்கிற ஏற்பியைத் தொடுகிறது. மூளை "காற்று நன்றாக வருகிறது" என்று நினைத்துக்கொள்கிறது. அடைப்பு அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கு அந்த ஆறுதல் போதும், தூக்கம் வரும். கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரம், மென்தால் எதையும் மூக்கிலோ மார்பிலோ தடவக்கூடாது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுவது நம் வழக்கம்தான். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கும்.

அட்டையின் பின்பக்கம்

இப்போது அந்த 'கோல்ட்' மாத்திரை அட்டையைத் திருப்புங்கள். அநேகமாக மூன்று பெயர் இருக்கும்.

முதலாவது பாராசிட்டமால். 1878லேயே செய்துவிட்டார்கள். 1893ல் ஃபான் மேரிங் என்பவர் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு என்று தவறாகச் சொல்லிவிட, ஐம்பது வருஷத்துக்கு மேல் மூலையில் கிடந்தது. 1948ல் பிராடியும் ஆக்ஸல்ராடும் அந்தக் களங்கத்தைத் துடைத்தார்கள். காய்ச்சலையும் உடம்பு வலியையும் குறைக்கும், அளவோடு எடுத்தால்.

இரண்டாவது குளோர்பெனிரமின். மூக்கு ஒழுகலைக் கொஞ்சம் காயவைக்கும், நிறையத் தூங்கவைக்கும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். மூக்கடைப்புக்கு முன்பெல்லாம் ஃபினைல்புரோபனோலமின் இருந்தது. மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்று அமெரிக்காவில் 2000ல் அதை விலக்கச் சொன்னார்கள். இந்தியாவில் தடை அறிவிப்பு வந்தது 2011ல். இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது ஃபினைலெஃப்ரின். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துத் துறையின் நிபுணர் குழு அதை ஆராய்ந்து, வாய்வழியாகச் சாப்பிட்டால் அது வேலையே செய்யாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. மூக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் குடலும் கல்லீரலும் அதைச் சிதைத்துவிடுகின்றன. பல வருஷம் உலகம் முழுக்க விற்ற பிறகு வந்த தீர்ப்பு! அதே ஆண்டு டிசம்பரில் நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் கலந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று அட்டையிலேயே போடச் சொன்னது.

ஒரு ஆபத்து இதில் ஒளிந்திருக்கிறது. காய்ச்சலுக்கு க்ரோசின் ஒன்று, சளிக்கு 'கோல்ட்' மாத்திரை ஒன்று என்று போட்டுக்கொள்கிறவர், தெரியாமலே இரண்டு பங்கு பாராசிட்டமால் விழுங்குகிறார். ஒரு நாளின் மொத்த அளவு வரம்பைத் தாண்டினால் கல்லீரல் தாங்காது.

சிரப் பாட்டில்

சிரப் இனிப்பாக, கெட்டியாக இருக்க கிளிசரினோ புரோபிலீன் கிளைக்காலோ சேர்ப்பார்கள். அதே மாதிரி நிறமற்று, அதே மாதிரி இனிப்பாக, விலை மட்டும் மலிவாக இன்னொன்று உண்டு: டைஎத்திலீன் கிளைக்கால். தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம். உள்ளே போனால் சிறுநீரகம் போய்விடும்.

1937ல் அமெரிக்காவில் இதைக் கலந்த ஒரு மருந்தால் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வருஷமே கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். நம் கதை வேறு. 1972ல் சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள். 1986ல் இதே மும்பையின் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில், இது கலந்த கிளிசரின் கொடுத்து 14 நோயாளிகள் இறந்தார்கள். நீதிபதி லென்டின் கமிஷன் விசாரித்தது. 1998ல் டெல்லி அருகே குர்காவ் பக்கம் 33 குழந்தைகள். 2020ல் ஜம்முவின் ராம்நகர். 2022ல் இந்தியாவில் தயாரான சிரப்பால் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள். பிறகு சிந்த்வாரா. அந்த கோல்ட்ரிஃப் சிரப்பில் தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது இந்த விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம். வாங்கும் மூலப்பொருளை ஒருமுறை சோதித்துப் பார்த்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

மனதை அறுப்பது என்னவென்றால், அந்தக் குழந்தைகளில் பலருக்கு அந்த சிரப்பே தேவைப்பட்டிருக்காது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை சொன்னது இது: 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து வேண்டாம், 5 வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

சரி, என்னதான் செய்வது?

இந்த நூறு வருஷக் கதையிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பது இவ்வளவுதான்:

1. மெதுவாக மூக்கில் தொடங்கினால் ஜலதோஷம். திடீரென்று கடும் காய்ச்சல், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி என்றால் ஃப்ளூவாக இருக்கலாம். வயதானவர், கர்ப்பிணி, சர்க்கரை அல்லது ஆஸ்துமா உள்ளவர், சின்னக் குழந்தை என்றால் முதல் நாளே டாக்டரிடம்.

2. எந்தத் தொல்லையோ அதற்கு மட்டும் ஒரு மருந்து. காய்ச்சலும் வலியும் என்றால் பாராசிட்டமால் மட்டும். குழந்தைக்கு எடை பார்த்து, டாக்டர் சொன்ன அளவில். 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கூடாது.

3. மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு. மூக்கில் விடும் மருந்து ஸ்ப்ரே என்றால் சில நாளுக்கு மேல் வேண்டாம், அடைப்பு அதிகமாகும். கொதிக்கும் பாத்திரத்தை வைத்துக் குழந்தைக்கு ஆவி பிடிக்க வேண்டாம். சுட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி போனவர்கள் உண்டு.

4. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவில் ஒரு ஸ்பூன் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

5. மூச்சு வேகம், நெஞ்சு உள்வாங்குதல், தண்ணீர் குடிக்காமை, எழுப்பினாலும் மயக்கம், சிறுநீர் குறைதல், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் வேண்டாம், நேராக டாக்டர்.

மிளகு ரசமும் சுக்குக் காப்பியும் வைரஸைக் கொல்லாது. ஆனால் சூடாக ஏதோ உள்ளே போகிறது, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கிறார், பிள்ளை தூங்குகிறது. 1918ல் பிழைத்தவர்களுக்கும் கிடைத்தது ஏறக்குறைய அதுதான். நமக்கு இங்கே பாட்டி இல்லை. ஆகவே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நாமே அந்த வேலையைச் செய்துவிடலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர் தட்டுகிறவன். உங்கள் வீட்டு மருந்து டப்பாவை இன்று இரவு ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பெயர் தெரியாத சிரப், தேதி முடிந்த பாட்டில், போன வருஷம் மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் எதுவும் அதில் இருக்க வேண்டாம்.